அளவுத்திட்டம் எழுதாத படமும் ஓர் இரவுக் கண்ணீரும்



போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு படம் போட்டேன். அது தவறு. அதனால் என் மகள் ஓர் இரவு முழுக்க அழுதாள். உங்களில் பலர் பதறிப்போய்ப் போன் செய்தீர்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கவும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தைச் சொல்லவும்தான் இந்த நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசி நான்கு பத்திகளையாவது படியுங்கள்.

என் பேத்திக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. சில மாதங்களாகவே அவள் வகுப்பு ஆசிரியை, "பாதிப் பாடத்துல எங்கயோ பார்த்துக்கிட்டு இருக்கா, கூப்பிட்டாத் திரும்பறது இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டிலும் கவனித்தோம். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் கை நடுவில் நிற்கும். சில வினாடிகள்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிடுவாள். நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி. எடுத்து வரச் சொன்னார்.

எடுத்தவர்களுக்குத் தெரியும். முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போக வேண்டும். தலையில் அளந்து அளந்து புள்ளி வைத்து, பசை தடவி, ஒயர்களை ஒட்டுவார்கள். கண்ணை மூடு, திற என்பார்கள். குழந்தைகளிடம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார்கள். வேகமாக மூச்சு வாங்கும்போது சில வகை வலிப்பு அலைகள் வெளிப்படும் என்பதற்காக. என் பேத்தி அதை விளையாட்டு என்று நினைத்து நன்றாகவே ஊதினாள்.

வரும்போது ஒரு சி.டி. கொடுத்தார்கள். அறிக்கை இரண்டு நாளில் வரும் என்றார்கள். சும்மா இருக்க முடியுமா? முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். இணையத்தில் தேடினேன். இந்த மாதிரிப் பதிவுகளைச் சேமிக்க 1992 முதல் இ.டி.எஃப். என்று ஒரு பொது வடிவம் இருக்கிறது, அதைத் திறந்து பார்க்க இலவச மென்பொருள்களும் இருக்கின்றன என்று தெரிந்தது. ஒன்றை இறக்கினேன். கோப்பைத் திறந்தேன்.

திரை முழுக்க முள் காடு. இருபது வரிகள். ஒவ்வொன்றும் மேலே கீழே வெறிபிடித்ததுபோலக் குதித்தது. சில இடங்களில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புக் குழம்பாகக் கிடந்தன. அந்த இடங்களைக் குழந்தை அசைந்திருப்பாள் என்று நானே முடிவுகட்டித் தாண்டிவிட்டேன். மீதியைப் பார்த்துத்தான் நடுங்கினேன். ஒரு படம் எடுத்து, "குழந்தையின் மூளை அலை. மிகவும் மோசமாக இருப்பதுபோல் தெரிகிறது" என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒருவர் சென்னைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஒருவர் நேர்த்திக்கடன் வைக்கச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி மகன் அந்தப் படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டு, 'அலைகள் அதிக வீச்சில் உள்ளன' என்று பதில் வாங்கி அதையும் போட்டான். இரவு பதினொரு மணிக்கு மகள் போனில், "அப்பா, என் பொண்ணுக்கு என்னப்பா ஆகும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை என் பழைய மாணவர் ஒருவருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவர் இ.இ.ஜி. எடுக்கும் தொழில்நுட்பராக இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"சார், வணக்கம். படம் பார்த்தேன். சென்சிடிவிட்டி எவ்வளவுல வெச்சிருக்கீங்க?"

"அப்படின்னா?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், ஒய் அச்சுல அளவுத்திட்டம் என்ன சார்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. என் வகுப்பில் படித்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி நினைவிருக்கும். வரைபடத் தாளின் வலது மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதாமல் யார் நோட்டைக் கொண்டுவந்தாலும் திருப்பி வீசியிருக்கிறேன். 'அளவுத்திட்டம் இல்லாத வரைபடம் வெறும் கோலம்' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தக் கோலத்தைத்தான் நான் குடும்பம் முழுவதற்கும் அனுப்பியிருந்தேன்.

அவர் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் மாற்றினேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். என்றைக்காவது உதவும்.

முதலாவது, உயரம். மூளையின் மின்னழுத்தம் தலைத்தோலில் வந்து சேரும்போது மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். 50 மைக்ரோவோல்ட் என்பது சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதைப் பெருக்கித்தான் காட்ட முடியும். எவ்வளவு பெருக்குவது என்பது பார்ப்பவர் கையில் இருக்கிறது. வழக்கமாக ஒரு மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட் என்று வைத்துத் தொடங்குவார்கள். 50 மைக்ரோவோல்ட் அலை 7 மி.மீ. உயரம் வரும். நான் திறந்த மென்பொருளோ, இருக்கிற இடத்தை நிரப்பும்படி அலைகளைத் தானாக இழுத்துக் காட்டும் ஏற்பாட்டில் இருந்தது. மி.மீ.க்கு ஏறக்குறைய 1 மைக்ரோவோல்ட். அதாவது ஏழு மடங்கு. எலியை யானை அளவுக்குக் காட்டிவிட்டு, யானை வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டினேன்.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இ.சி.ஜி.யில் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்பார்கள். அங்கே எண் கூடினால் அலை பெரிதாகும். இ.இ.ஜி.யில் ஒரு மி.மீ.க்கு இத்தனை மைக்ரோவோல்ட் என்பார்கள். அங்கே எண் கூடினால் அலை சிறிதாகும். தலைகீழ் விகிதம். ஏழாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் பயத்தில் இருக்கும்போது ஏழாம் வகுப்புக் கணக்கும் மறந்துபோகும்.

இரண்டாவது, நேரம். வழக்கமாகத் திரையில் ஒரு பக்கத்துக்கு 10 வினாடி காட்டுவார்கள். என் திரையில் ஒரு நிமிடம் அடைந்து கிடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது பின்தலையில் வினாடிக்கு 8 முதல் 13 வரை வரும் ஆல்ஃபா அலை என்பது முற்றிலும் இயல்பானது. பத்து என்று வைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் 600 அலைகள். 30 செ.மீ. அகலத் திரையில் ஓர் அலைக்கு அரை மில்லிமீட்டர். அழகான அலை ஊசிமுனை ஆகிவிட்டது. 10 வினாடிக்கு மாற்றியதும் அதே அலை 3 மி.மீ. அகலத்தில் நிதானமாக ஓடியது.

மூன்றாவது, வடிகட்டி. மெதுவான அலைகளை வெட்ட ஒன்று, வேகமான அலைகளை வெட்ட ஒன்று, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நீக்க ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். சல்லடை மாதிரி. கண் பெரிதாக இருந்தால் கல்லும் கீழே வரும், மிகச் சிறிதாக இருந்தால் அரிசியே வராது. வியர்வையால் வரும் மெதுவான ஏற்ற இறக்கத்தை வெட்டுகிறேன் என்று அளவுக்கு மீறி வெட்டினால், நோயைக் காட்டும் மெதுவான அலையும் சேர்ந்து போய்விடும். தாடைத் தசை இரைச்சலை அடக்குகிறேன் என்று 15 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டினால், தசை இரைச்சல் மழுங்கி மூளை அலை மாதிரியே வேஷம் போடும். கூர்மையான வலிப்பு அலையும் மொட்டையாகிவிடும்.

நான்காவது, எதிலிருந்து எதை அளக்கிறோம் என்பது. மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, ஒரு புள்ளிக்கு மட்டும் அதைச் சொல்ல முடியாது என்று உங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்வது ஒன்று, அடிவாரக் கிராமத்திலிருந்து சொல்வது இன்னொன்று. இ.இ.ஜி.யிலும் காதருகே இருக்கும் புள்ளியோடு ஒப்பிட்டால் ஒரு படம், பக்கத்துப் புள்ளியோடு ஒப்பிட்டால் வேறு படம். இதை மாண்டேஜ் என்கிறார்கள். போதாக்குறைக்கு, இந்தத் துறையில் எதிர்மின் திசையை மேல்நோக்கி வரைவது மரபாம். இயற்பியல்காரனுக்கு இது பெரிய அதிர்ச்சி.

இவ்வளவையும் மாற்றியபோது கோப்பில் ஒரு எண்கூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது காட்சி மட்டும்தான். குழந்தையின் தலையில் அன்று நடந்தது அப்படியே இருந்தது. முள் காடு என் திரையில்தான் முளைத்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

கதை இதோடு முடிந்திருந்தால் 'தாத்தா தேவையில்லாமல் பயந்தார்' என்று சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை.

சரியான அளவில் மீண்டும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கம் பக்கமாக இயல்பான அலைகள், கண் சிமிட்டல், அசைவு. காற்றாடி ஊதிய கட்டம் வந்தது. நான் முதலில் கறுப்புக் குழம்பு என்று தாண்டிய அதே இடம். இப்போது குழம்பு இல்லை. எல்லா வரிகளிலும் ஒரே நேரத்தில் ஒரு கூர்முனை, அதை அடுத்து ஒரு வட்டமான பெரிய அலை. மறுபடி கூர்முனை, வட்ட அலை. வினாடிக்கு மூன்று. தாளம் தப்பாமல் ஒன்பது வினாடி. பிறகு சட்டென்று இயல்பு அலை. மாணவர் போனில் ஒன்றும் சொல்லவில்லை. "டாக்டர் பார்த்துச் சொல்லுவார் சார், அதுதான் முறை" என்றார். அந்த மௌனமே எனக்குப் போதுமாக இருந்தது.

மருத்துவரின் அறிக்கையும் அதைத்தான் சொன்னது. குழந்தைப் பருவத்தில் வரும் 'ஆப்சன்ஸ்' என்ற வகை வலிப்பு. கீழே விழ மாட்டார்கள், கை கால் இழுக்காது. சில வினாடிகள் நினைவு அறுந்து மறுபடி ஒட்டும். மருந்து இருக்கிறது, தொடங்கிவிட்டோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது நின்றுவிடும் என்று மருத்துவர் தைரியம் சொல்லியிருக்கிறார். குழந்தை நன்றாக இருக்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். தவறான அளவில் பார்த்ததால் இல்லாத நோயைப் பார்த்துப் பயந்தேன். அதே தவறான அளவால் இருந்த நோயைப் பார்க்காமல் தாண்டினேன். பயமும் அலட்சியமும் ஒரே திரையில், ஒரே நிமிடத்தில் நடந்தன. எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் எது பெரிது என்று தெரியாமல் போய்விடுகிறது.

இதைக் கேட்ட என் மைத்துனர், "இதனாலதான் அத்தான், நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட இந்த சி.டி.யெல்லாம் கொடுக்கவே கூடாது. அறிக்கை மட்டும் போதும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நானே அதற்குச் சாட்சி. இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், அச்சடித்த நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? உயரத்தை மாற்ற முடியாது, சல்லடையை மாற்ற முடியாது, மாண்டேஜை மாற்ற முடியாது. மூலக்கோப்பு இருந்தால் அவர் தன் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துப் பார்க்கலாம். அது குழந்தையின் சொத்து. அது குழந்தையின் வீட்டில் இருக்க வேண்டும். கத்தியில் கை வெட்டும் என்பதற்காகச் சமையலறையில் கத்தி வைக்காமல் இருக்கிறோமா? பிடியோடு கொடுக்கிறோம். கோப்பையும் பிடியோடு கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

அந்தப் பிடி என்ன? இ.சி.ஜி. தாளைப் பாருங்கள், நல்ல உதாரணம். தாளின் ஓரத்தில் வாசற்படி மாதிரி ஒரு சின்னச் செவ்வகம் இருக்கும். பலர் அதையும் இதயத் துடிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அளவுகோல். ஒரு மில்லிவோல்ட் கொடுத்தால் எவ்வளவு உயரம் வருகிறது என்று இயந்திரமே போடும் முத்திரை. வழக்கமாக 10 மி.மீ., அதாவது இரண்டு பெரிய கட்டம். அலை மிகப் பெரிதாக இருந்து அடுத்த வரியில் இடித்தால் பாதி அளவில், 5 மி.மீ.க்கு எடுப்பார்கள். செவ்வகமும் பாதியாகிவிடும். சென்ற வருட இ.சி.ஜி.யையும் இந்த வருட இ.சி.ஜி.யையும் பக்கத்தில் வைத்து 'துடிப்பு பாதியாகிவிட்டதே' என்று அரளும் முன் அந்தச் செவ்வகத்தைப் பாருங்கள். தாளின் வேகமும் அடியில் எழுதியிருக்கும். 25 மி.மீ. என்றால் ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. சீரான துடிப்பில் இரண்டு உயரமான முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300ஐ அதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வரும். நாலு கட்டம் என்றால் 75. வேகம் 50 மி.மீ. என்றிருந்தால் இந்தக் கணக்கு அப்படியே இரண்டு மடங்கு தப்பும்.

இதய மின் அலையை ஆராய்ந்த நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1924இல். ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்ததும் அதே 1924இல். நூறு வருடம் ஆகிவிட்டது. தாளில் இருந்தவரை அளவுகோல் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தாள் போய்த் திரை வந்தபோது அளவுகோலைப் பல இடங்களில் தொலைத்துவிட்டோம். கைப்பேசித் திரையில் 'ஒரு மில்லிமீட்டருக்கு 7' என்று எழுதியிருந்து என்ன பயன்? விரலால் பெரிதாக்கினால் மில்லிமீட்டரே மாறிவிடுகிறதே! நில வரைபடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 1:50,000 என்று எண்ணால் எழுதிய அளவுத்திட்டம், படத்தைப் பெரிதாக்கி நகல் எடுத்தால் பொய்யாகிவிடும். ஆனால் படத்துக்குள்ளேயே வரைந்த கோட்டு அளவுகோல் படத்தோடு சேர்ந்து வளரும், என்றும் பொய் சொல்லாது. மருத்துவ அலைகளுக்கும் அதுதான் தேவை. படத்துக்குள்ளேயே ஒரு நிற்கும் கோடு, ஒரு படுக்கும் கோடு. இத்தனை மைக்ரோவோல்ட், இத்தனை வினாடி.

ஆகவே என் கருத்து இதுதான். பரிசோதனைக்கூடங்கள் மூலக்கோப்பைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பக்கத் தாளில், அறிக்கை எழுதியவர் எந்த உயரம், எந்த வேகம், எந்த வடிகட்டி, எந்த மாண்டேஜில் பார்த்தார் என்று அச்சடித்துக் கொடுக்க வேண்டும். மென்பொருள் எழுதுபவர்கள் (நம் மாணவர்களில் அந்த வேலை பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள்) கோப்பு திறக்கும்போதே இடத்தை நிரப்பும் ஏற்பாட்டில் திறக்காமல், வழக்கமான அளவில் திறக்கும்படி செய்யுங்கள். அளவுகோலை எந்தப் பயனரும் மறைக்க முடியாதபடி படத்துக்குள் வையுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

உறவினர்களுக்கு ஒன்று. அளவுகோல் இல்லாத மருத்துவப் படம் எதையும் இனி குழுவில் போடாதீர்கள், யார் போட்டாலும் நம்பாதீர்கள், நான் போட்டாலும் சரி. அளவுகோல் இருந்தாலும் நோய் என்ன என்று சொல்வது மருத்துவர் வேலை. அமைப்பை மாற்றிப் பார்க்கத் தெரிந்துவிட்டதால் நான் நரம்பியல் நிபுணன் ஆகிவிடவில்லை. நமக்குத் தெரிய வேண்டியது ஒரு கேள்வி கேட்க மட்டும்தான். "டாக்டர், இது எந்த அளவில் எடுத்தது?" அதைக் கேட்க யாருக்கும் கூச்சம் வேண்டாம்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று, இதுதான் மனதை அழுத்துகிறது. எண்பதுகளில் என் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எழுதிக்கொண்டே இருப்பான், பேனா நிற்கும், கண் எங்கேயோ நிலைக்கும். "மனசு எங்கடா மேயுது?" என்று சாக்பீஸை வீசியிருக்கிறேன். வகுப்பே சிரிக்கும். அவன் திருதிருவென்று விழிப்பான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியாததுபோல இருக்கும். அது வெறும் பகல் கனவாக இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். நான் கேட்கவே இல்லை. என் கையில் இருந்தது ஒரே ஓர் அளவுகோல்தான், 'கவனம் இருக்கிறதா, இல்லையா' என்பது. பேத்தியின் ஆசிரியை என்னைவிட நல்ல ஆசிரியை. சாக்பீஸ் வீசாமல் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். கனவு காணும் பிள்ளை பெயர் சொல்லித் தோளைத் தொட்டால் திரும்பிவிடும். தொட்டும் திரும்பாமல், சில வினாடி கழித்துத் தானாகவே விட்ட இடத்தில் தொடரும் பிள்ளையைக் கண்டால், திட்டாதீர்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள்.

அந்த மாணவன் இதைப் படிக்கிறானோ என்னவோ. படித்தால், தம்பி, அந்தச் சாக்பீஸுக்காக என்னை மன்னித்துவிடு. ஒரு போன் செய். எண் மாறவில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். வகுப்பில்தான் என்னை எதிர்த்துப் பேசப் பயந்தீர்கள், இங்கே என்ன பயம்? எல்லோரும் நலமாக இருங்கள்.